ஏற்றியும் இறக்கியும் பார்த்த தொகுதி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் தொழிலாளர் பக்கம் சாய்ந்த கட்சி ஒன்று உண்டு. 1961 வரை அதை சி.சி.எஃப். என்றார்கள், அதன் பிறகு புதிய ஜனநாயகக் கட்சி. 1942 முதல் 1996 வரை மாகாண அளவில் அந்தக் கட்சிக்கு ஐந்து தலைவர்கள். ஐவரில் மூன்று பேர் சட்டமன்றத்துக்குப் போனது ஒரே தொகுதியிலிருந்து. டொரண்டோ நகரின் வடமேற்கு ஓரத்தை ஒட்டிக் கிடந்த யார்க் சவுத் என்ற புறநகர்த் தொகுதி அது. 1926-ல் பிறந்தது, 1999 பொதுத்தேர்தல் வந்தபோது அந்தப் பெயரில் தொகுதி இல்லை.

யார்க் சவுத் என்றாலே புதிய ஜனநாயகக் கட்சியின் கோட்டை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். தேர்தல் முடிவுகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் அது பாதிதான் உண்மை. அந்தத் தொகுதி கட்சித் தலைவர்களைச் சபைக்கு அனுப்பியது; அதே கையால் வீட்டுக்கும் அனுப்பியது. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள, அது எந்த மாதிரியான புறநகர் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒன்டாரியோ சட்டமன்றம் டொரண்டோவில் குவீன்ஸ் பார்க் என்ற இடத்தில் கூடுகிறது. அதன் உறுப்பினரை நம்மூர் எம்.எல்.ஏ. என்று வைத்துக்கொள்ளலாம். ஒட்டாவாவில் கூடும் கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்குத் தனித் தேர்தல், தனி உறுப்பினர்கள். ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரில் மக்களவைத் தொகுதியும் சட்டமன்றத் தொகுதியும் இருப்பதுபோல, யார்க் சவுத் என்ற பெயரிலும் இரண்டு இருந்தன. கூட்டாட்சித் தொகுதி மூத்தது; 1904 தேர்தலிலேயே இருந்தது. நாம் பார்க்கப்போவது மாகாணத் தொகுதியை. ஆனால் மூத்ததை விட்டுவிட்டு இளையதன் கதையைச் சொல்ல முடியாது.

டொரண்டோவுக்கே 1834 வரை யார்க் என்றுதான் பெயர். நகரம் பெயரை மாற்றிக்கொண்ட பிறகும் சுற்றியிருந்த கவுண்டியும், அதற்குள் நகரை அரைவட்டமாக அணைத்துக் கிடந்த டவுன்ஷிப்பும் பழைய பெயரையே வைத்துக்கொண்டன. டவுன்ஷிப் என்றால் வயலும் தோட்டமும் சிற்றூர்களும் சேர்ந்த ஒரு உள்ளாட்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனிலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர் குடும்பங்கள் டொரண்டோவில் இறங்கின. நகர எல்லைக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை. அங்கே வீடு கட்டவோ விதிமுறைகள் கடுமை. எல்லையைத் தாண்டி யார்க் டவுன்ஷிப்புக்குள் வந்தால் மனை மலிவு, தவணை முறை உண்டு, எப்படிக் கட்டினாய் என்று கேட்க ஆளில்லை.

அப்படித்தான் அந்தப் புறநகர் எழுந்தது. கையில் இருந்த காசுக்கு முதலில் ஒரே ஒரு அறை, பலகையடித்துத் தார்த்தாள் போர்த்தியது. ஒரு குளிர்காலத்தை அதில் கழித்துவிட்டு, அடுத்த கோடையில் பின்னால் ஒரு அறை. அஸ்திவாரக் குழியை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரரே வெட்டினார். செங்கல் முகப்பு வர வருடங்கள் ஆயின. தண்ணீர் கிணற்றிலிருந்து, சாக்கடை கிடையாது, மழை பெய்தால் தெரு சேறு. பத்திரிகைகள் இந்தக் குடியிருப்புகளைக் குடிசைப் பட்டணம் என்று எழுதின. ஆனால் அங்கே இருந்தவர்கள் வாடகைக்காரர்கள் அல்லர், சொந்தக்காரர்கள். கூலி வேலைக்காரர், ஆனால் வீட்டு வரி கட்டுபவர். இந்த இரட்டை நிலையை மனத்தில் வைத்துக்கொண்டால், பிற்பாடு இந்தத் தொகுதி எப்படி வாக்களித்தது என்பது அவ்வளவு புதிராக இருக்காது. நகருக்கு வெளியே இருப்பதெல்லாம் பணக்காரப் புறநகர் என்று ஹாலிவுட் படங்கள் நமக்குக் கொடுத்திருக்கும் சித்திரத்தை இங்கே கொஞ்சம் ஓரமாக வைக்க வேண்டும்.

டொரண்டோ நகராட்சி 1912-ஐ ஒட்டி அக்கம்பக்கத்துப் பகுதிகளைப் பெரிய அளவில் இணைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டது. இணைத்தால் குழாய் போட வேண்டும், சாக்கடை வெட்ட வேண்டும், பள்ளி கட்ட வேண்டும். அந்தச் செலவை யார் சுமப்பது? ஆக, டவுன்ஷிப் தன் சுமையைத் தானே சுமந்தது. இதற்கிடையில் அது உடையவும் ஆரம்பித்தது. நாம் கட்டும் வரியெல்லாம் தெற்கே நெருக்கமாக வீடு கட்டியவர்களுக்கே போகிறது என்று வடக்கே இருந்த விவசாயிகள் 1922-ல் பிரிந்து நார்த் யார்க் ஆனார்கள். 1924-ல் கிழக்குப் பகுதி ஈஸ்ட் யார்க் ஆயிற்று. அதே காலத்தில் வசதிபடைத்த ஃபாரஸ்ட் ஹில் தனிக் கிராமமாகத் தன்னை வேலி கட்டிக்கொண்டது. மிச்சம் இருந்ததுதான் யார்க். தொழிற்சாலைகளும் சொந்தக் கையால் கட்டிய வீடுகளும் அடர்ந்த அந்த மிச்சத்தைச் சுற்றித்தான் 1926-ல் யார்க் சவுத் மாகாணத் தொகுதி வந்தது.

முதல் 17 ஆண்டுகள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. லியோபோல்ட் மெக்காலே என்ற கன்சர்வேடிவ் வழக்கறிஞர் 1926 முதல் 1943 வரை வரிசையாக ஜெயித்தார். இடையில் நெடுஞ்சாலை அமைச்சராகவும் இருந்தார். பிரிட்டிஷ் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் ஏன் கன்சர்வேடிவுக்குப் போட்டது என்று கேட்கலாம். பேரரசு, ராஜா, புராட்டஸ்டண்ட் சபை என்ற கட்டு அப்போது டொரண்டோ முழுக்கவே இறுக்கமாக இருந்தது. அந்தக் கட்டைத் தளர்த்தியது 1930-களின் பெருமந்தம். வேலை போனது, சொந்த வீடு இருந்தும் வரி கட்டப் பணமில்லை, வரி வராததால் உள்ளாட்சிக்கும் பணமில்லை. டொரண்டோவைச் சுற்றியிருந்த புறநகர் உள்ளாட்சிகளில் ஃபாரஸ்ட் ஹில்லையும் ஸ்வான்சியையும் தவிர மற்றவை மாகாண அரசிடம் கையேந்தும் நிலைக்கு வந்தன. 1932-ல் கல்கரியில் சி.சி.எஃப். தொடங்கப்பட்டது அந்தச் சூழலில்தான்.

உடைப்பு வெளிப்படையாகத் தெரிந்தது 1942 பிப்ரவரி 9 அன்று, கூட்டாட்சித் தொகுதியின் இடைத்தேர்தலில். ஆர்தர் மீயன் இரண்டு முறை பிரதமராக இருந்தவர். கன்சர்வேடிவ் கட்சி அவரை மறுபடி தலைவராக்கியது. அவருக்கு நாடாளுமன்றத்தில் ஒரு இடம் வேண்டும். யார்க் சவுத் உறுப்பினர் ஆலன் காக்ரம் ராஜினாமா செய்து இடத்தைக் கொடுத்தார். ஆளும் லிபரல் கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை. எல்லாம் பேசி முடித்த கல்யாணம் போலத்தான் இருந்தது. எதிரே நின்றவர் ஜோசப் நோஸ்வொர்தி, வான் ரோடு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலத் துறைத் தலைவர், சி.சி.எஃப். வேட்பாளர். மீயன் கட்டாய ராணுவ சேவையைப் பற்றிப் பேசினார். நோஸ்வொர்தி போர் முடிந்த பிறகு வேலை, மருத்துவம், முதியோர் ஓய்வூதியம் என்ன ஆகும் என்று பேசினார். வாத்தியார் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் முன்னாள் பிரதமரைத் தோற்கடித்தார். மீயனின் அரசியல் வாழ்வு அத்தோடு முடிந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் நாடு தழுவிய கருத்துக்கணிப்பு ஒன்றில் சி.சி.எஃப். முதலிடத்துக்கு வந்தது, அந்த ஏற்றத்தின் தொடக்கப்புள்ளி யார்க் சவுத்தான் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் பெரிய சண்டை இல்லை.

பதினெட்டு மாதம் கழித்து, 1943 ஆகஸ்ட் 4, மாகாணத் தேர்தல். முந்தைய சட்டமன்றத் தேர்தலில் சி.சி.எஃப். ஓரிடம்கூட ஜெயிக்கவில்லை. இந்தமுறை 90-ல் 34. ஜார்ஜ் ட்ரூ தலைமையில் முற்போக்கு கன்சர்வேடிவ் கட்சி 38 பெற்று சிறுபான்மை அரசு அமைத்தது. ஆட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் நடுவில் நான்கே இடம். எதிர்க்கட்சித் தலைவரானவர் டெட் ஜாலிஃப், யார்க் சவுத் உறுப்பினர். சீனாவில், கனடிய மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த வழக்கறிஞர். பக்கத்துத் தொகுதியான யார்க் ஈஸ்டில் ஜெயித்த ஆக்னஸ் மெக்ஃபெயில், ஒன்டாரியோ சட்டமன்றத்துக்குப் போன முதல் இரண்டு பெண்களில் ஒருவர். யார்க் வெஸ்டும் சி.சி.எஃப். பக்கம் வந்தது. சொந்தக் கையால் வீடு கட்டிய புறநகர் வளையம் முழுதும் ஒரே அலையில் சாய்ந்தது என்று சொல்லலாம்.

அடுத்து நடந்ததைத்தான் ஒன்டாரியோ அரசியல் பேசுபவர்கள் இன்றும் இழுத்துப் பேசுகிறார்கள்.

1945-ல் மறுபடி தேர்தல். வாக்குப்பதிவு ஜூன் 4. பதினோரு நாள் முன்னதாக, மே 24 அன்று இரவு, ஜாலிஃப் வானொலியில் பேசினார். முதல்வர் ட்ரூ தன் அரசியல் எதிரிகளை வேவு பார்க்க ரகசிய போலீஸ் வைத்திருக்கிறார், அது ஒரு கெஸ்டபோ என்றார். ஐரோப்பாவில் போர் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நாஜி முகாம்களின் படங்கள் செய்தித்தாள்களில் வந்துகொண்டிருந்த நேரம். கெஸ்டபோ என்ற சொல் அந்த வாரம் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உரையை எழுத உதவியவர் லிஸ்டர் சின்க்ளேர் என்ற வானொலி நாடக ஆசிரியர். நாடகம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்பது என் கருத்து.

குற்றச்சாட்டுக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. மாகாண போலீஸைச் சேர்ந்த வில்லியம் ஆஸ்போர்ன்-டெம்ப்ஸ்டர் என்பவர் டி-208 என்ற குறிப்பெயரில் சி.சி.எஃப்.காரர்களையும் தொழிற்சங்கத்தாரையும் பற்றி அறிக்கைகள் தட்டச்சு செய்து மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தத் தகவல்கள் வெளியே கசிந்து, பூச்சி ஒழிப்புத் தொழில் நடத்திய ஒரு வியாபாரி கொடுத்த சி.சி.எஃப். எதிர்ப்பு விளம்பரங்களிலும் போய்ச் சேர்ந்தன. ட்ரூ மறுத்தார்; நீதிபதி லெபெல் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார். ஆனால் தேர்தல் அதற்காகக் காத்திருக்கவில்லை. சி.சி.எஃப். 34-லிருந்து 8-க்கு விழுந்தது. ஜாலிஃபே யார்க் சவுத்தில் தோற்றார். அதன் பிறகு வந்த ஆணைய அறிக்கை, முதல்வருக்கு நேரடித் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றது. ட்ரூவுக்கு விஷயம் தெரிந்தே இருந்தது என்று காட்டும் ஆவணங்களை, தன் நினைவுக்குறிப்பை எழுதுவதற்காகக் காப்பகங்களைத் தோண்டிய, பின்னாளில் கட்சியின் தேசியத் தலைவரான டேவிட் லூயிஸ் பல பத்தாண்டுகள் கழித்துக் கண்டெடுத்தார். அதற்குள் ட்ரூ இறந்தே போயிருந்தார்.

1948-ல் தொகுதி ஜாலிஃபைத் திரும்ப ஏற்றுக்கொண்டது, சி.சி.எஃப். 21 இடம் பிடித்து மீண்டும் எதிர்க்கட்சி ஆனது. ட்ரூ ஹை பார்க் தொகுதியில் தோற்றார், அது தனிக் கதை. 1951-ல் மறுபடி சரிவு: கட்சிக்கு மொத்தம் 2 இடம், ஜாலிஃபுக்குத் தோல்வி. எட்டு ஆண்டுகளில் ஒரே மனிதரை இரண்டு முறை அனுப்பி இரண்டு முறை திருப்பி அழைத்த தொகுதி இது. கோட்டை என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கோட்டை என்ற பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர் டொனால்ட் சி. மெக்டொனால்ட். கட்சி அமைப்பாளராக ஊர் ஊராக அலைந்தவர். 1953-ல் தலைவரானபோது சபையில் கட்சிக்கு இரண்டு பேர், அதில் அவர் இல்லை. 1955-ல் யார்க் சவுத்தில் நின்று ஜெயித்தார். அப்போதும் கட்சிக்கு மொத்தம் 3 இடம்தான். மூன்று பேரை வைத்துக்கொண்டு ஒரு சட்டமன்றத்தை எப்படி ஆட்டுவது? கேள்வி கேட்டு. வடக்கு ஒன்டாரியோவுக்கு எரிவாயுக் குழாய் போட்ட நிறுவனத்தின் பங்குகள் அமைச்சர்கள் கைக்குப் போன விவகாரத்தை அவர் விடாமல் பிடித்து இழுத்தார்; 1950-களின் இறுதியில் மூன்று அமைச்சர்கள் பதவி இழந்தார்கள். 1959-ல் 5, 1963-ல் 7, 1967-ல் 20 என்று கட்சி மெல்ல எழுந்தது. 1970-ல் தலைமையை ஸ்டீபன் லூயிஸிடம் கொடுத்துவிட்டு, சாதாரண உறுப்பினராக அதே யார்க் சவுத்தில் இன்னும் 12 ஆண்டு இருந்தார். மொத்தம் 27 ஆண்டுகள்.

ஸ்டீபன் லூயிஸ் ஜெயித்தது ஸ்கார்பரோ வெஸ்டில். அதுவும் டொரண்டோவின் மறுமுனையில் இருந்த புறநகர்த் தொகுதி, அதுவும் இன்று இல்லை. ஸ்கார்பரோ என்றதும் ஈழத்தமிழர் கடைகளும் கோயில்களும் நினைவுக்கு வரும் வாசகருக்கு: அது பிற்காலம். ஸ்டீபனின் தந்தைதான் மேலே சொன்ன டேவிட் லூயிஸ். அவர் 1962 முதல் 1974 வரை, நடுவில் ஒரு தோல்வியைத் தவிர்த்து, கூட்டாட்சித் தொகுதியான யார்க் சவுத்தின் நாடாளுமன்ற உறுப்பினர். 1971-லிருந்து நாட்டளவில் கட்சித் தலைவர். ஆக, 1960-களின் பிற்பாதியில் யார்க் சவுத் வாக்காளர் ஒருவரின் எம்.எல்.ஏ. மாகாணக் கட்சித் தலைவர், எம்.பி. நாளைய தேசியத் தலைவர். 1974-ல் அந்தத் தேசியத் தலைவரையும் தொகுதி தோற்கடித்தது.

உள்ளாட்சியும் இதற்குள் உருமாறிவிட்டது. 1954-ல் நகரமும் 12 புறநகர்களும் சேர்ந்து மெட்ரோபாலிடன் டொரண்டோ என்ற பொது அமைப்பு வந்தது. குடிநீருக்கும் கழிவுநீருக்கும் பெரிய சாலைகளுக்கும் பொதுச் செலவு கிடைத்தது. கிணற்றுத் தண்ணீர் காலம் முடிந்தது. 1967-ல் 13 உள்ளாட்சிகள் 6 ஆகச் சுருங்கியபோது, சிசிஎம் மிதிவண்டி ஆலை இருந்த வெஸ்டன் யார்க்கோடு இணைந்தது. மவுன்ட் டெனிஸில் கோடாக் நிறுவனத்தின் பெரிய வளாகம் இருந்தது. ஆட்களும் மாறினார்கள். பிரிட்டிஷ் குடும்பங்களின் பிள்ளைகள் இன்னும் வெளியே நகர, இத்தாலியர்களும் போர்ச்சுகீசியர்களும் வந்தார்கள். எக்லின்டன் அவென்யூ மேற்கில் ரெக்கே இசைத்தட்டுக் கடைகளும் முடிதிருத்தகங்களுமாக லிட்டில் ஜமைக்கா உருவானது. புதிதாக வந்த குடியேறிகளிடம் லிபரல் கட்சிக்குத் தனிச் செல்வாக்கு இருந்தது. இது அடுத்த இருபது ஆண்டின் கணக்கை மாற்றியது.

1982 பிப்ரவரியில் பாப் ரே மாகாணக் கட்சித் தலைவரானார். அதுவரை அவர் ஒட்டாவாவில் எம்.பி.; 1979-ல் பிரதமர் ஜோ கிளார்க் அரசைக் கவிழ்த்த தீர்மானத்தை முன்மொழிந்தவர். அவருக்கு மாகாண சபையில் இடம் வேண்டும். மெக்டொனால்ட் ராஜினாமா செய்து இடம் கொடுத்தார். நவம்பர் 4 இடைத்தேர்தல். நாற்பது ஆண்டு முன்னால் மீயனுக்கு நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. லிபரல் வேட்பாளர் ஜான் நுன்சியாட்டா என்ற இளம் நகரமன்ற உறுப்பினர் கடும் போட்டி கொடுத்தார். ரே தப்பினார்.

1985 மே தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை: கன்சர்வேடிவ் 52, லிபரல் 48, புதிய ஜனநாயகம் 25. சாவி ரேயின் கையில். அவர் அமைச்சர் பதவி கேட்கவில்லை. என்னென்ன சட்டங்கள் வர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, இரண்டு ஆண்டுக்கு லிபரல் அரசைக் கவிழ்ப்பதில்லை என்று கையெழுத்திட்டார். 42 ஆண்டு தொடர்ந்த கன்சர்வேடிவ் ஆட்சி முடிவுக்கு வந்தது. லாபம் முழுதும் லிபரலுக்குப் போயிற்று: 1987-ல் மாகாணம் முழுக்க லிபரல் அலை. யார்க் நகர மேயர் ஆலன் டாங்க்ஸ் லிபரல் சார்பில் ரேயை எதிர்த்து நின்று, சில நூறு வாக்குகளில் தோற்றார். அந்தச் சில நூறு பேர் மாற்றிப் போட்டிருந்தால் பின்னால் வந்தது எதுவும் இல்லை.

பின்னால் வந்தது, 1990 செப்டம்பர் 6. 37 சதவீதத்துக்குச் சற்றே மேற்பட்ட வாக்குகளுடன் 130-ல் 74 இடங்கள். மும்முனைப் போட்டியில் முன்னால் நிற்பவருக்கே எல்லாம் என்ற முறை என்ன செய்யும் என்பதற்கு இது பாடப்புத்தக உதாரணம். நமக்கும் பழக்கமான விளையாட்டுதான். யார்க் சவுத் உறுப்பினர் முதல்வரானார். அந்தத் தொகுதிக்கு அதற்கு முன்னும் பின்னும் கிடைக்காத பெருமை. நேரம்தான் சரியில்லை. பொருளாதாரத் தேக்கத்தில் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்தன. அரசே கார் காப்பீட்டை ஏற்று நடத்தும் என்ற வாக்குறுதி கைவிடப்பட்டது. 1993-ல் அரசு ஊழியரை வேலையை விட்டு அனுப்பாமல் செலவைக் குறைக்க, ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளமில்லா விடுப்பு திணிக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் அந்த விடுப்பு நாட்களுக்கு அவர் பெயரையே வைத்தன. தன்னைத் தூக்கி நிறுத்தியவர்களையே பகைத்துக்கொண்ட முதல்வர் என்ற பெயர் இன்றும் அவரை விடவில்லை. 1995-ல் கட்சி 17 இடத்துக்குச் சுருங்கியது. தன் தொகுதியில் மட்டும் ரே ஜெயித்தார். 1996 தொடக்கத்தில் அதையும் விட்டு விலகினார்.

தமிழ் வாசகர்களுக்கு ரே வேறொரு வழியிலும் தெரிந்தவர். இலங்கையில் 2002-க்குப் பிறகான சமாதானப் பேச்சுக் காலத்தில் கூட்டாட்சி முறை பற்றி ஆலோசனை சொன்னவர்களில் அவர் ஒருவர். 2009 ஜூனில், போர் முடிந்த அடுத்த மாதம், கனடிய எம்.பி.யாகக் கொழும்பு போய் இறங்கியபோது விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டார். அப்போது அவர் லிபரல் கட்சியில் இருந்தார்.

1996 மே 23 அன்று நடந்த இடைத்தேர்தல்தான் யார்க் சவுத்தின் கடைசித் தேர்தல். புதிய ஜனநாயகக் கட்சி நிறுத்தியவர் டேவிட் மில்லர், பின்னாளில் டொரண்டோ மேயர். லிபரல் நிறுத்தியவர் ஜெரார்டு கென்னடி, பத்தாண்டாக நகரின் உணவு வங்கியை நடத்தியவர். ஏழைகளின் பசியைப் பற்றிப் பேச லிபரல் கட்சி அவரைக் கூட்டிவந்தபோது, புதிய ஜனநாயகக் கட்சிக்குச் சொந்தமான பேச்சே பறிபோனது. கென்னடி ஜெயித்தார். மெக்டொனால்டில் தொடங்கிய 41 ஆண்டு வரிசை அறுந்தது. பத்தாண்டு கழித்து, 2006 டிசம்பரில், கூட்டாட்சி லிபரல் கட்சியின் தலைமைப் பதவிக்கு ரேயும் கென்னடியும் ஒரே மேடையில் போட்டியிட்டார்கள். இருவரும் தோற்றார்கள், கென்னடி தன் ஆதரவாளர்களைக் கூட்டிக்கொண்டு இன்னொரு போட்டியாளரான ஸ்டெஃபான் டியோன் பக்கம் போனதில் முடிவு திரும்பியது.

இனி, தொகுதி எப்படி மறைந்தது. ஆள் குறைந்ததாலோ எல்லை பொருந்தாமல் போனதாலோ அல்ல. 1995-ல் ஆட்சிக்கு வந்த மைக் ஹாரிஸின் கன்சர்வேடிவ் கட்சி, அரசியல்வாதிகளின் எண்ணிக்கையைக் குறைப்போம் என்று வாக்கு கொடுத்திருந்தது. 130 உறுப்பினர்களை 99 ஆக்குவது என்று பேச்சு. வழி மிகச் சுலபமானது: ஒன்டாரியோவில் கூட்டாட்சித் தொகுதிகளுக்குப் போட்ட எல்லைகளையே மாகாணத்துக்கும் எடுத்துக்கொள்வது. கூட்டாட்சி மறுவரையறையில் ஒன்டாரியோவின் பங்கு 103 ஆகிவிட்டதால் மாகாணத்துக்கும் 103. 1996-ல் கொண்டுவந்த சட்டத்துக்கு வைத்த பெயரே குறைவான அரசியல்வாதிகள் சட்டம். விளம்பரப் பலகை மாதிரி சட்டத்துக்குப் பெயர் வைக்கும் பழக்கம் அங்கேயும் உண்டு.

கூட்டாட்சி அளவில் யார்க் சவுத் ஏற்கெனவே வெஸ்டனோடு சேர்த்து யார்க் சவுத்–வெஸ்டன் ஆகியிருந்தது. 1999-ல் மாகாணத் தொகுதியும் அதுவே ஆனது. மிச்சப் பகுதிகள் பக்கத்துத் தொகுதிகளுக்குள் கரைந்தன. கென்னடி பார்க்டேல்–ஹை பார்க் பக்கம் போய் அங்கே ஜெயித்தார். இதே அரசு அதற்கு முன்பே, 1998 ஜனவரி 1 அன்று, யார்க் உட்பட ஆறு உள்ளாட்சிகளையும் ஒரே டொரண்டோவாக இணைத்துவிட்டது. 1997 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள். அது அரசைக் கட்டுப்படுத்தவில்லை. ஆக, பதினெட்டு மாதத்துக்குள் யார்க் மக்களுக்குத் தங்கள் நகரமன்றமும் போயிற்று, தங்கள் பேரில் இருந்த தொகுதியும் போயிற்று. தொகுதி பெரிதானால் ஒரு உறுப்பினர் பார்க்க வேண்டிய ஆட்கள் கூடுவார்கள், செலவில் மிச்சமாவது சொற்பம் என்று அப்போது எழுந்த எதிர்வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது.

குறைத்த எண்ணிக்கை நிலைக்கவும் இல்லை. உண்மையில் அது எப்போதுமே நிலைத்ததில்லை: யார்க் சவுத் பிறந்தபோது சபையில் 112 பேர், 1934-ல் 90 ஆகக் குறைத்தார்கள், பின்பு ஏறி ஏறி 1987-ல் 130. 1999-ல் 103. வடக்கு ஒன்டாரியோவின் பிரதிநிதித்துவம் குறையாமலிருக்க 2007-ல் 107 ஆக்கினார்கள். 2018-ல் 124.

யார்க் சவுத்–வெஸ்டன் தொகுதியிலும் பழைய ஆட்டம் தொடர்ந்தது. 2000-ல் அந்தப் பெயருள்ள கூட்டாட்சித் தொகுதியில் மோதியவர்கள் யாரென்றால், 1982-ல் ரேயிடம் தோற்ற நுன்சியாட்டாவும் 1987-ல் ரேயிடம் தோற்ற டாங்க்ஸும். கட்சியிலிருந்து நீக்கப்பட்டு 1997-ல் சுயேச்சையாக ஜெயித்திருந்த நுன்சியாட்டாவை, டாங்க்ஸ் லிபரல் சின்னத்தில் வீழ்த்தினார். மாகாண இடத்தை 2007 பிப்ரவரி இடைத்தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சி மயிரிழையில் பிடித்து, அதே ஆண்டு அக்டோபரில் இழந்தது. 2018-ல் மறுபடி பிடித்தது. 2022-ல் அங்கே ஜெயித்தவர் மைக்கேல் ஃபோர்டு, கன்சர்வேடிவ் முதல்வர் டக் ஃபோர்டின் சகோதரி மகன். 2025-லும் கன்சர்வேடிவ் கட்சியே ஜெயித்தது.